சாயங்காலம்தான் இறங்க முடியும்

நர்ஸ் கொடுத்த கத்தரிக்கோல் மழுங்கியிருந்தது. அப்பாவின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த ரோஸ் நிற நுழைவுச்சீட்டுப் பட்டையை அது வெட்டாமல் மடித்து மடித்துக் கவ்வியது. பட்டையில் ஒரு கோட்டையும், அதற்கு மேலே கைகளை விரித்துப் பறக்கும் ஒரு மனிதனும் அச்சாகியிருந்தன. கீழே ‘நாள் முழுக்கக் கொண்டாட்டம்’ என்று எழுதியிருந்தது.

“அது கிழியாது மேடம். தண்ணில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. கழட்டி அடுத்தவங்களுக்குக் குடுத்துடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க,” என்றாள் நர்ஸ். “விட்டுடுங்களேன். இனிமே அதுல என்ன இருக்கு?”

அவளோ குனிந்து பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். அப்பாவின் கையும் கூடவே எழுந்து வந்தது. பட்டை அறுந்ததும் கை தொப்பென்று மெத்தையில் விழுந்தது. உதட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் துப்பிவிட்டு, தன் கையிலிருந்த பட்டையையும் அதேபோல் கடித்து அறுத்துக் கூடையில் போட்டாள்.

அது காயங்களுக்குக் கட்டுப் போடும் அறை. அட்டை கடித்தால் என்ன செய்ய வேண்டும், கால் பிசகினால் என்ன செய்யக் கூடாது என்று சுவரில் படம் ஒட்டியிருந்தார்கள். பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் சுற்றிப் பார்க்க வந்து சறுக்கி விழுந்தவர்கள்தான். செத்தவர்களை வைக்க அங்கே தனி இடம் கிடையாது.

திடீரென்று கூரைக்கு மேலே ஒரு பெண்ணின் அலறல் எழுந்து, நீண்டு, தூரத்தில் தேய்ந்தது. அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள்.

“ஜிப்லைன்,” என்றாள் நர்ஸ். “ஆளுங்க தொங்கிட்டுப் போற கம்பி நம்ம கூரைக்கு மேலதான் போகுது. வந்த புதுசுல எனக்கும் திக்குனு இருக்கும். இப்ப பழகிடுச்சு.”

டாக்டர் சின்ன வயசுக்காரர். இதயம் நின்றுவிட்டது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மலைப்பாதையைப் பற்றித்தான் நிறையப் பேசினார். “காலையில ஏறுற வண்டிய மட்டும்தான் விடுவாங்க. சாயங்காலம்தான் இறங்க முடியும். சீசன்ல இப்படித்தான். ஆம்புலன்ஸ் மேல வந்துடும், ஆனா திரும்பிப் போக முடியாது. உயிருக்கு ஆபத்துன்னா போலீஸ்ல சொல்லி வழி விடச் சொல்லலாம். இவரு...” என்று நிறுத்தி, பேனாவை மூடிக்கொண்டார்.

சாயங்காலம்வரை அப்பா இங்கேயேதான்.

அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிடும் டப்பாக்களை, காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் வரிசையாகத் திறந்து பார்க்கிறவள். உடம்பிலிருந்து வரும் எதுவும் அவளை முகம் சுளிக்க வைத்ததில்லை.

அண்ணன் வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். யாரிடம் பேசினாலும் சரக்கைக் காட்டுகிற குரல் வந்துவிடும். முதலில் சித்தப்பாவிடம் பேசியபோது, “படி ஏறும்போது மயங்கிட்டாரு சித்தப்பா” என்றுதான் சொன்னான். அடுத்ததாகக் கடையில் வேலை பார்ப்பவரிடம், “பாதிக்கு மேல ஏறிட்டாரு, அந்த வயசுல” என்றான். அதற்கப்புறம் யாரிடமோ, “உச்சிக்குப் போயி மொத்தப் பள்ளத்தாக்கையும் பாத்தாரு. என்ன அழகுடான்னாரு. அதான் கடைசி வார்த்தை. சிரிச்ச முகமா போயிட்டாரு” என்று சொல்லித் தேம்பினான். அந்தத் தேம்பலும் நிஜம்தான். அதுதான் அவளுக்குக் குமட்டியது.

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறந்திருந்தது. பல்செட்டைக் கழற்றி இரும்புத் தட்டில் வைத்திருந்தார்கள். கால்சட்டை முழுக்க நனைந்து, பின்பக்கம் கெட்டுப்போயிருந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்பாவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வண்டிகளை அனுப்பி வைத்தவர், தான் எதிலும் ஏறிப் போனதில்லை. “போறவன் எல்லாம் திரும்பித்தான் வரான். அப்புறம் எதுக்குப் போறான்?” என்பார். அண்ணனுடைய கல்யாண நாளுக்காக அண்ணியின் தம்பி போட்ட ஏற்பாடு இது. எதற்கெடுத்தாலும் திட்டம் போடுகிற ஆள் என்பதால் குடும்பத்தில் அவன் பெயரே ப்ளான் மாமா. பூட்டின வீட்டில் கிழவரைத் தனியாக விட முடியாது என்று அவரையும் வேனில் ஏற்றினார்கள். “நீயும் வந்தா அப்பாவைப் பாத்துப்ப. தனியாவே கெடக்கறே, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்,” என்று அண்ணி போன் செய்தபோது, அதில் எது காரணம், எது சாக்கு என்று தெரிந்தும் அவள் வந்தாள்.

இன்று காலை கோட்டை அடிவாரத்தில் அப்பா வேனைவிட்டு இறங்கவில்லை.

“நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன். நீங்க பாத்துட்டு வாங்க.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு வண்டிக்குள்ள உக்காருவாங்களாப்பா?” என்றான் அண்ணன்.

“மேல குடும்பமா ஒரு ஃபோட்டோ எடுக்கணும் மாமா. பின்னாடி மொத்தப் பள்ளத்தாக்கும் வரும். பெரியவரு இல்லாம எப்படி?” என்றான் ப்ளான் மாமா.

“ஃபோட்டோல எல்லாரும் ஒரே மாதிரி பல்லக் காட்டப் போறீங்க. என் பல்லு வாங்கினது. அதை எதுக்குக் காட்டணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். சிரித்துவிட்டு, “மெதுவா ஏறலாம்பா, நான் பிடிச்சுக்கறேன்” என்று சொன்னதும் அவள்தான்.

இரண்டாவது வாசலில் வழிகாட்டி ஒருவன் ஒலிபெருக்கியில் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான். முற்றுகையின்போது இந்த வாசலில்தான் ஆயிரம் வீரர்கள் வெட்டுப்பட்டுச் செத்தார்களாம், ரத்தம் படிகளில் வழிந்து கீழே ஆறுவரை போனதாம். கேட்டவர்கள் அந்தப் படியில் வரிசையாக நின்று, விரலால் வெற்றிக்குறி காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகில், “பாத்ரூம் எங்கம்மா இருக்கு?” என்றார்.

அவள் சுற்றிப் பார்ப்பதற்குள் ப்ளான் மாமா, “மேல இருக்கு மாமா. சுத்தமா, நல்லா இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம்தான்,” என்றான்.

அப்பா அதை நம்பி வேகமாக ஏறினார். அவர் அவ்வளவு வேகமாக ஏறி அவள் பார்த்ததில்லை. மூன்றாவது வாசலுக்குக் கீழே கல்சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். படியில் ஈரம் பரவியது.

கூட்டம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. வாடை அடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி ஏறியது. தொப்பி போட்ட ஒரு பெண், “குடிச்சிட்டு இங்கெல்லாம் ஏன்தான் வர்றாங்களோ” என்று சொல்லிக்கொண்டே போனாள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த கேமராக்காரன், “சார், கொஞ்சம் அந்தப் பக்கமா படுக்க வைக்க முடியுமா? ஃபிரேம்ல வருது,” என்று மரியாதையாகவே கேட்டான். ஆயிரம் பேர் செத்த கோட்டையில் ஒருவர் சாவது எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்தது.

வராந்தாவில் போன் பேச்சு ஓய்ந்திருந்தது. ப்ளான் மாமாவின் குரல் தணிந்து கேட்டது.

“இங்க இத்தனை பேர் உக்காந்து என்ன பண்ணப் போறோம் மாமா? ரூமையும் காலி பண்ணியாச்சு. பட்டை சாயங்காலம்வரைக்கும் செல்லும். பொண்ணும் பாவம்.”

“என்னடா பேசறே?” என்றான் அண்ணன். ஆனால் அதில் சூடு இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா ஒரு நடை போயிட்டு, வாயில எதையாவது போட்டுட்டு வந்துடலாம். போனவரு போயிட்டாரு. இருக்கறவங்களையும் பாக்கணும்ல.”

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்தாள். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, “நீ இருக்கல்ல? நாங்க இவளுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துட்டு வந்துடறோம். காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல,” என்றாள். காலேஜில் படிக்கும் மகள் பின்னால் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. “அத்தை, நானும் போகட்டுமா? எனக்கு இங்க... ஒரு மாதிரி வருது,” என்றாள்.

“போ,” என்றாள் அவள்.

அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

அண்ணன் கடைசியாக வந்து நின்றான். “நான் போயி இவங்கள விட்டுட்டு உடனே வந்துடறேன். உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?”

“அப்பாவோட பையை எடுத்துட்டு வா. வேன்ல இருக்கு. துணி மாத்தணும்.”

“சரி சரி. இதோ.”

அவன் வரவில்லை. ஜன்னலில் வெயில் நகர்ந்தது. ஒரு ஈ எங்கிருந்தோ வந்து, அப்பாவின் வாயோரத்தில் உட்கார்ந்து, பறந்து, மறுபடி உட்கார்ந்தது. அவள் விரட்டிக்கொண்டே இருந்தாள். மேலே அலறல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஆண் குரல், பெண் குரல், சில சமயம் சிரிப்பாக முடிகிற அலறல். நர்ஸ் சொன்னதுபோல அவளுக்கும் பழக ஆரம்பித்தது. பழகுகிறதே என்று தோன்றியதும் எழுந்துவிட்டாள்.

“கொஞ்சம் பாத்துக்கறீங்களா? ஈ வருது.”

“போயிட்டு வாங்க மேடம். நான் துணியால மூடி வைக்கறேன்.”

கடைத்தெருவில் கூட்டம் நெரிந்தது. பழைய ராஜா காலத்து உடை வாடகைக்கு விடும் கடையில் தொப்பை பெருத்த ஒருவர், பலர் வேர்வை ஊறி விறைத்துப்போன பட்டு அங்கியை மாட்டிக்கொண்டு வாளை உயர்த்தினார். குதிரைச் சாணம் மிதிபட்டுத் தெருவெல்லாம் பச்சையாக அப்பியிருந்தது. அதன்மேல் ஐஸ்கிரீம் உருகிய கோடுகள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயின் வாடை. எல்லோர் கையிலும் ரோஸ் பட்டை. எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வாய்களை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

ஜிப்லைன் வந்து முடியும் மேடைக்குப் பக்கத்து நிறுத்தத்தில்தான் வேன் நின்றது. டிரைவர் முன் சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதும், “சாவி சார்கிட்ட இருக்கு மேடம். பின் கதவு பூட்டியிருக்கு,” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “மேடம், தப்பா நெனைக்காதீங்க... பெரியவர இதுல ஏத்திட மாட்டீங்கல்ல? சீட்டுக்கு உறை போட்டு ஒரு மாசம்தான் ஆகுது,” என்றான்.

“ஏத்த மாட்டோம். சார் எங்க?”

அவன் மேடைப் பக்கம் கையைக் காட்டினான்.

அவள் கம்பித் தடுப்பருகே போய் நின்றாள். அண்ணியும் ப்ளான் மாமாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காகிதத் தட்டில் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் அவர்களுக்கு முதுகைக் காட்டிப் போனுக்குள் குனிந்திருந்தாள். அண்ணன் அங்கே இல்லை.

அப்போது பள்ளத்தாக்கின் அந்தக் கரையிலிருந்து ஒரு புள்ளி புறப்பட்டது. கம்பி சீறியது. புள்ளி பெரிதாகி, மஞ்சள் ஹெல்மெட்டும் உதறும் கால்களுமாக ஆனது. ஆஸ்பத்திரிக் கூரையைத் தாண்டும்போது அது ‘ஓ’வென்று கத்தியது. தெரிந்த குரல். வாய் காது வரை கிழிய, பற்கள் அத்தனையும் தெரிய, கன்னச் சதை காற்றில் அலைய அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தான். சின்ன வயதில்கூட அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மேடையில் கால் ஊன்றியதும் அவளைப் பார்த்துவிட்டான். முகம் அப்படியே சரிந்தது. தொடையிலும் மார்பிலும் இறுக்கிய பட்டைகளை இரண்டு பேர் அவிழ்க்கும்வரை அவன் கைகளைத் தூக்கியபடி, பிடிபட்டவன்போல் நிற்க வேண்டியிருந்தது.

“ப்ளான் மாமாதான்... ரொம்ப வற்புறுத்தினான். மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை போயிட்டு வந்தா லேசாகும்னு...” என்று கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டான். அந்தப் பட்டைகளில் ஊறியிருந்த யார் யாரோ ஆட்களின் வேர்வை நாற்றம் அவன்மேல் அடித்தது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

“வேன் சாவி குடு.”

“அப்பா இருந்திருந்தா, போயி ஆடிட்டு வாடான்னுதான் சொல்லியிருப்பாரு.”

“அப்பா வண்டியிலயே உக்காந்துக்கறேன்னு சொன்னாரு.”

அண்ணன் சாவியைக் கொடுத்தான். ப்ளான் மாமா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

“ஏன் இவ்வளவு கோவம்? எல்லாருக்கும் வருத்தம்தான்.”

“மேல பாத்ரூம் இருந்துச்சா?” என்று அவள் கேட்டாள்.

“என்னது?”

“கோட்டையில. மேல இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னீங்களே.”

அவன் அண்ணியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். “இல்ல... அப்படிச் சொன்னா ஏறிடுவாருன்னு... ஒரு உற்சாகத்துக்குத்தான். நானும் நல்லதுக்குத்தானே...”

அவன் உதட்டோரத்தில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. பேசப் பேச அது அசைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையலாம் என்று கை எழுந்தது. அந்த வாயைத் தொட வேண்டியிருக்குமே என்று இறங்கியது. அண்ணன் தரையைப் பார்த்தபடி, “நீ அப்படியா சொன்னே?” என்று மெல்லக் கேட்டான்.

பையை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் அவளுக்குத் தலை சுற்றியது. நடுத்தெருவில் விழுந்தால் இதுகள் எல்லாம் ஒதுங்கிப் போகும் என்று தோன்றியது. ஒரு டீக்கடையில் நின்று டீயும் பன்னும் வாங்கினாள். சாலையோரக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு வாய் கடித்தாள். பன் புதுசு. இன்னும் சூடு ஆறவில்லை. எதிரே மேகம் விலகி, கோட்டைச் சுவர்களில் வெயில் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆறு, படிப்படியான வயல்கள், ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிப் போகும் மலைகள். அவ்வளவு அழகை அவள் நேரில் பார்த்ததில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. பன் தீர்ந்துபோயிருந்தது. இன்னொன்று வாங்கினாள். அதையும் கடைசித் துணுக்குவரை தின்றாள். விரல்களை நக்கியபோதுதான் தான் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. புறங்கையால் வாயைத் தோல் எரிய எரியத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

நர்ஸ் வெந்நீர் வைத்திருந்தாள். இருவருமாக அப்பாவின் துணியை வெட்டி எடுத்தார்கள். தொடையிலும் இடுப்பிலும் காய்ந்து ஒட்டியிருந்ததை அவள் பஞ்சால் ஊறவைத்து, ஊறவைத்துத் துடைத்தாள். இதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவள் தொட்டதிலேயே சுத்தமானது இதுதான் என்று நினைத்தாள். பாதி வேலையில் கதவு திறந்தது. அண்ணன் தனியாக வந்திருந்தான். வாசலிலேயே நின்றான். நர்ஸ், “புரட்டணும், ஒரு கை பிடிங்க சார்,” என்றதும் வந்து பிடித்தான். அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு சுவரிலிருந்த அட்டைப்பூச்சிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான்களை அவன்தான் போட்டான். மேல் பொத்தானைப் போடாமல் விட்டான். அப்பா போட மாட்டார்.

இறங்கும் வண்டிகளுக்கு வழியைத் திறந்துவிட்டபோது மலையில் வெளிச்சம் மிச்சமிருந்தது. அண்ணி, மகள், ப்ளான் மாமா எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் அப்பாவுக்கு இந்தப் புறம் அவள், அந்தப் புறம் அண்ணன். முன்னும் பின்னும் சுற்றுலா வண்டிகள். எதிலோ பாட்டு அதிர்ந்தது. பிரேக் தேய்கிற நெடி உள்ளே வந்தது.

வளைவுகள் ஆரம்பித்தன. ஸ்ட்ரெச்சரின் வார் சரியாக இறுகவில்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் அப்பா ஒரு பக்கமாகச் சரிந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கால்களைப் பிடித்தான். சில வளைவுகளுக்குப் பிறகு அவன் முகம் சாம்பலாகி, நெற்றி வேர்த்தது.

“நிறுத்தச் சொல்லட்டுமா?”

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். நிறுத்தவும் இடம் கிடையாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வண்டிகள். அவன் வாயைப் பொத்தினான். விரல்களுக்கிடையே வர ஆரம்பித்தது. அவள் அப்பாவின் துணிப்பைக்குள் இருந்த பிளாஸ்டிக் பையை உதறி எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கினாள். மத்தியானம் தின்றதெல்லாம் வந்தது. அதற்கு மேலும் வந்தது. நிற்பதாக இல்லை. கடைசியில் ஒன்றும் வராமல், வயிறு மட்டும் எக்கி எக்கி, அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது ஓங்கரிப்பா, வேறு ஏதாவதா என்று அவள் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியால் அவன் வாயையும் மோவாயையும் துடைத்துவிட்டாள்.

“காலைப் பிடிச்சுக்கோ,” என்றாள். “வளைவு வருது.”

அவன் பிடித்துக்கொண்டான்.

அவள் பையின் வாயைத் திருகி முடிச்சுப் போட்டாள். ஜன்னல் கண்ணாடி திறக்கிற மாதிரி இல்லை. கீழே வைத்தால் உருளும். மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை அப்பாவின் தோளில் வைத்தாள். பை சூடாக இருந்தது.